பொத்தேரிக்கு ஒரு டீசல் எஸ்யூவி: புதுசா, பழசா?

(ஒலிப்பதிவிலிருந்து எழுத்தாக்கப்பட்டது. பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டிருக்கிறது.)

2025 செப்டம்பர் 22ஆம் தேதி காருக்கான ஜிஎஸ்டி குறைஞ்சதுல இருந்து எனக்கு வர்ற கேள்விகள் எல்லாம் கிட்டத்தட்ட ஒரே கேள்விதான். "அண்ணா, கையில 14, 15 லட்சம் இருக்கு. டீசல் எஸ்யூவிதான் வேணும். புதுசா ஒரு சின்ன வண்டி எடுக்கவா, பழசா ஒரு பெரிய வண்டி எடுக்கவா?"

இதுக்குப் பொதுவா ஒரு பதில் சொன்னா யாருக்கும் உதவாது. அதனால ஒருத்தரோட கதையைச் சொல்றேன். பேரு வேண்டாம்னு சொல்லிட்டார், ஆனா மத்ததெல்லாம் சொல்லலாம்னு அனுமதி கொடுத்திருக்கார். நான் அவரை அண்ணேன்னுதான் கூப்பிடுவேன், அப்படியே இங்கயும் சொல்றேன்.

அண்ணே இருக்கிறது பொத்தேரி. சொந்த ஊர் கோவில்பட்டி பக்கம். மறைமலைநகர் ஃபோர்டு ஃபேக்டரியில 12 வருஷம் ட்ரிம் லைன்ல வேலை பார்த்தவர். ட்ரிம் லைன்னா, வண்டிக்கு உள்ள கார்ப்பெட், கதவு பேனல், சீட் பெல்ட், ரூஃப் லைனிங் இதையெல்லாம் மாட்டுற இடம். ஐகான்ல ஆரம்பிச்சு ஃபியஸ்டா, ஃபிகோ, ஈகோஸ்போர்ட், எண்டெவர்னு அந்த ஃபேக்டரியில இருந்து வந்த வண்டிகளை உங்களுக்கே தெரியும். 2021 செப்டம்பர் 9ஆம் தேதி, இந்தியாவுல கார் தயாரிக்கிறதை நிறுத்துறோம்னு ஃபோர்டு அறிவிச்சது. அடுத்த வருஷம் மறைமலைநகர்ல கடைசி வண்டியும் வெளிய வந்துருச்சு. அந்தப் பக்கம் குடியிருக்கிறவங்களுக்கு அது செய்தி இல்ல, வீட்டு விஷயம். கூடுவாஞ்சேரியில இருந்து சிங்கப்பெருமாள்கோவில் வரைக்கும் தெருவுக்கு ரெண்டு வீட்டுல அந்த யூனிஃபார்ம் காய்ஞ்ச காலம் அது.

அண்ணே இப்போ ஒரகடத்துல ஒரு உதிரிபாகக் கம்பெனியில இருக்கார். சம்பளம் முன்ன மாதிரி இல்ல. செட்டில்மென்ட் பணத்துல வீட்டுக் கடனை அடைச்சது போக மிச்சத்தை பேங்க்ல போட்டு வச்சிருந்தார். வட்டியோட 15 லட்சத்தை ஒட்டி நிக்குது. பொண்ணு பிளஸ் ஒன் படிக்குது. புரியுதுங்களா? அந்த 15 லட்சத்துக்குக் காரோட சேர்த்து இன்னொரு வேலையும் காத்துக்கிட்டு இருக்கு.

அவர் மனசுல இருந்தது எண்டெவர். 2017 மாடல், 3.2 லிட்டர் டீசல், பதினாலரை லட்சம்னு ஒரு வண்டி முடிச்சூர் பக்கம் விலைக்கு இருக்குன்னு போன் பண்ணினார். "தம்பி, அந்த வண்டிக்குக் கதவு பேனல் மாட்டினவன் நான். ஒரு நாளாவது அதை என் வீட்டு வாசல்ல நிறுத்தணும்."

இதுக்கு என்னங்க பதில் சொல்றது? நானும் முதல்ல ஒன்னும் சொல்லல. அவங்க வீட்டுக்குப் போய் உட்கார்ந்தோம். அண்ணி காபி கொண்டு வந்து வச்சுட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாங்க. "இதை வாரத்துல எத்தனை நாள் எடுப்பீங்க?"

நான் இந்த எபிசோடுல சொல்ல வந்த விஷயமே அந்தக் கேள்விதான். புதுசா பழசாங்கறது ரெண்டாவது. இந்த வண்டி மாசத்துல எவ்வளவு ஓடும், எந்த ரோட்டுல ஓடும், அதை முதல்ல எழுதணும்.

எழுதினோம். ஒரகடத்துக்கு அண்ணே போறது கம்பெனி பஸ். அதனால வாரத்துல அஞ்சு நாள் வண்டி நின்ன இடத்துல நிக்கும். சனி ஞாயிறு கூடுவாஞ்சேரி கடை, பொண்ணு டியூஷன், எப்பவாவது தாம்பரம் ஆஸ்பத்திரி. மாசம் 250 கிலோமீட்டர் தேறினா அதிகம். பொங்கல், பங்குனி, மே லீவு, தீபாவளினு வருஷத்துக்கு நாலு தடவை கோவில்பட்டி. போக வர ஒவ்வொரு தடவையும் ஏறக்குறைய 1,050 கிலோமீட்டர். ஆக வருஷத்துக்கு 3,000 உள்ளூர், 4,200 ஹைவே, மொத்தம் 7,200.

இப்போ எண்ணெய்க் கணக்கு. 2025ல சென்னையில பெட்ரோல் 100 ரூபாய் 80 பைசா பக்கம், டீசல் 92 ரூபாய் 40 பைசா பக்கம் இருந்தது. வித்தியாசம் எட்டு ரூபாய்ச் சொச்சம். 2012ல இந்த வித்தியாசம் 30 ரூபாயைத் தாண்டி இருந்தது. டீசல் விலையை அரசாங்கம் பிடிச்சு வச்சிருந்த காலம். 2014 அக்டோபர்ல அந்தக் கட்டுப்பாடு போயிருச்சு. ஆனா "டீசல்னா மிச்சம்"ங்கற நினைப்பு மட்டும் நம்ம மண்டையில 2012லயே நிக்குது.

நாலு மீட்டருக்குள்ள இருக்கிற ஒரு சின்ன டீசல் எஸ்யூவி, ஏசி போட்டு, நிஜ ரோட்டுல லிட்டருக்கு 17 கொடுக்கும்னு வச்சுக்குவோம். கிலோமீட்டருக்கு அஞ்சரை ரூபாய் பக்கம். அதே அளவு பெட்ரோல் வண்டி 13 கொடுத்தா ஏழே முக்கால். வருஷத்துக்கு 7,200 கிலோமீட்டருக்கு டீசல்ல மிச்சம் 16,000, 17,000 ரூபாய். புது வண்டியில டீசலுக்கும் பெட்ரோலுக்கும் ஒன்னேகால் லட்சம் வித்தியாசம்னா, அந்தக் காசை எடுக்க ஏழரை வருஷம். ஏழரைனு நான் சொல்லலைங்க, கணக்கு சொல்லுது.

சரி, எண்டெவர்? ரெண்டு டன்னுக்கு மேல எடை, அஞ்சு சிலிண்டர். நல்லா ஓட்டினா பத்து கொடுக்கும். கிலோமீட்டருக்கு ஒன்பதே கால் ரூபாய். வருஷத்துக்கு 66,000. சின்ன பெட்ரோல் வண்டியே 56,000ல முடிஞ்சிரும். டீசல்னு பேரு இருக்கிறதால மட்டும் செலவு குறையாது. நாலு டயர் மாத்தினா அறுபதாயிரத்தைத் தொடும். நீங்க கொடுக்கிறது எட்டு வருஷம் தேய்ஞ்ச வண்டிக்கான விலை. ஆனா சஸ்பென்ஷன் புஷ், இன்ஜெக்டர், கியர்பாக்ஸ் ஆயில் எல்லாம் முப்பது லட்சம் ரூபாய் வண்டிக்கு உண்டான விலையிலதான் வரும். பழைய பெரிய வண்டி வாங்கறவங்க பெரும்பாலும் மறக்கிற இடம் இது.

அண்ணே கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், "அப்போ புதுசே எடுத்துரவா?"ன்னார்.

புதுசு பக்கம் இப்போ நிலைமை நல்லாத்தான் இருக்கு. நாலு மீட்டருக்குள்ள, 1,500 சிசிக்குள்ள இருக்கிற டீசல் வண்டிக்கு முன்னாடி ஜிஎஸ்டியும் செஸ்ஸும் சேர்த்து 31 சதவீதம். இப்போ 18. (நம்ம ரோட்டுக்கும் இந்த வரிக்கும் ஒரே பேரு. ரெண்டும் நம்மளை நிக்க வைக்கும்.) 12 லட்சம் ஷோரூம் விலை இருந்த வண்டி, வரி மட்டும் குறைஞ்சா 10 லட்சத்து 80 ஆயிரத்துக்கு வரணும். பெரிய எஸ்யூவிக்கு 50ல இருந்து 40. 20 லட்சம் வண்டிக்கு 1 லட்சத்து 33 ஆயிரம் குறையும்.

ஆனா தமிழ்நாட்டு வாழ்நாள் வரியைக் கவனிக்கணும். 2023 நவம்பர்ல ஏத்தினாங்க. அஞ்சு லட்சத்துல இருந்து பத்து லட்சம் வரைக்கும் 13 சதவீதம், பத்துல இருந்து இருபது வரைக்கும் 18, இருபதுக்கு மேல 20. பத்து லட்சம்ங்கற கோட்டைப் பாருங்க. ஒன்பதே முக்கால்ல நிக்கிற வண்டிக்கு ஒன்னேகால் லட்சம் வரி. ஒரு வேரியன்ட் மேல போய் பத்தேகால் ஆனா, ஒன்றே முக்கால் லட்சத்துக்கு மேல. சன்ரூஃபுக்காக அரை லட்சம் கூட கொடுக்கிறோம்னு நினைப்பீங்க, அதோட இன்னொரு அரை லட்சத்துக்கு மேல ஆர்.டி.ஓ. ஆபீஸுக்குப் போகும். பழைய வண்டியில இந்த வரியை முதல் ஓனரே கட்டிட்டார். பழசோட நிஜமான லாபத்துல ஒரு பெரிய பங்கு இதுதான்.

விலையைவிட எனக்குப் பெரிய கவலை இன்னொன்னு. 2020 ஏப்ரல் 1ல இருந்து வர்ற எல்லா வண்டியும் பிஎஸ்6. டீசல் வண்டியில அதுக்காக டிபிஎஃப்னு ஒன்னு சேர்த்தாங்க. சைலன்சர் போற வழியில தேன்கூடு மாதிரி ஒரு வடிகட்டி. கரித்தூளைப் பிடிச்சு வச்சுக்கும். நிறைஞ்சதும் வண்டி தானா கொஞ்சம் டீசலைக் கூடுதலா விட்டு, அந்த வடிகட்டியை 600 டிகிரி பக்கம் சூடாக்கி, கரியை எரிச்சுரும். இதுக்கு வண்டி பத்து, இருபது நிமிஷம் நிக்காம ஓடணும். பாதியில ஆஃப் பண்ணினா எரியறது நின்னுரும். அடுத்த தடவை மறுபடி ஆரம்பிக்கும். இப்படியே பாதி பாதியில நின்னா, எரியாத டீசல் வழிஞ்சு இன்ஜின் ஆயில்ல கலக்கும்.

எங்க அபார்ட்மென்ட்ல ஒருத்தர் ரெண்டு வருஷம் முன்னாடி 2021 மாடல் டீசல் ஒன்னு வாங்கினார். கம்பெனி பேரு வேண்டாம், தப்பு கம்பெனி மேல இல்ல. பையனை ஸ்கூல்ல விட மூணு கிலோமீட்டர், திரும்ப மூணு. சாயங்காலம் கூடுவாஞ்சேரி சிக்னல்ல அரை மணி நேரம். ஏழாவது மாசம் மஞ்ச லைட். அவர் கண்டுக்கல. அப்புறம் வண்டி இழுக்கல. மெக்கானிக் டிப்ஸ்டிக்கை உருவிக் காட்டினார், ஆயில் மேல் கோட்டைத் தாண்டி நிக்குது. ஆயில் குறைஞ்சா பயப்படுவோம், கூடினா யாரு பயப்படுவா? டீசல் வாசனை வந்தது. சுத்தம் பண்ணித் தப்பிச்சார். டிபிஎஃபையே மாத்தணும்னா பல வண்டிகள்ல லட்சத்தைத் தாண்டும்.

அதனால பிஎஸ்6 டீசல் வச்சிருந்து உள்ளூர்லயே ஓட்டறவங்க, ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை காலையில பரனூர் டோலைத் தாண்டி மதுராந்தகம் வரைக்கும் ஒரே சீரா ஓட்டிட்டு வாங்க. போக நாப்பது கிலோமீட்டர்ச் சொச்சம்தான். ஏரியைப் பார்த்த மாதிரியும் இருக்கும். அதுக்கு நேரமில்லைனா பிஎஸ்6 டீசலே உங்களுக்கு வேண்டாம், புதுசா இருந்தாலும் சரி, பழசா இருந்தாலும் சரி. மாருதி, ரெனோ, ஃபோக்ஸ்வேகன் எல்லாம் பிஎஸ்6 வந்தப்போ டீசலை விட்டே விலகினாங்க. இந்தக் கருவிகளோட செலவு முக்கியமான காரணம்.

"பெட்ரோல் எடுத்தா இ20 பயமா இருக்கே தம்பி"ன்னு அண்ணே கேட்டார். நிறைய பேர் இந்தப் பயத்துலதான் டீசல் பக்கம் ஓடறாங்க. 20 சதவீதம் எத்தனால் கலந்தா மைலேஜ் கொஞ்சம் குறையும், அது உண்மை. பழைய பெட்ரோல் வண்டிக்கு ரப்பர் ஹோஸ், சீல் பத்தின கவலையும் நியாயம்தான். ஆனா இப்போ ஷோரூம்ல இருக்கிற புது வண்டிகளை இ20க்குத்தான் தயார் பண்ணியிருக்காங்க. அந்தப் பயத்துக்காக ஒன்னேகால் லட்சம் கூடக் கொடுக்க வேண்டியதில்ல. வருஷத்துக்கு 15,000 கிலோமீட்டருக்கு மேல, அதுல பாதிக்கு மேல ஹைவே, வீட்டு ஆளுங்க அஞ்சு பேரும் லக்கேஜும்னா டீசலுக்கு நிகர் டீசல்தான். அதுல எனக்குச் சந்தேகமே கிடையாது.

இவ்வளவு பேசியும் அண்ணே அந்த முடிச்சூர் வண்டியை ஒரு தடவை பார்த்துட்டு வருவோம்னார். ஆசை அப்படி. ஞாயித்துக்கிழமை காலையில போனோம்.

முடிச்சூர்னு கேட்டதுமே எனக்கு ஒரு எண்ணம் வந்தது. 2015 டிசம்பர்ல அடையாறு பொங்கி முடிச்சூர், வரதராஜபுரம், மேற்குத் தாம்பரம் எல்லாம் மூழ்கினதை யாரும் மறந்திருக்க மாட்டீங்க. 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல்ல மறுபடியும் தண்ணி. அதனாலதான் 2024 அக்டோபர்ல மழை எச்சரிக்கை வந்ததும் வேளச்சேரி மேம்பாலத்து மேல ஜனங்க வரிசையா கார் நிறுத்தினாங்க. சிரிச்சோம், ஆனா அவங்க செஞ்சது சரி. தண்ணிக்குள்ள நின்ன வண்டியைத் தெரியாம ஸ்டார்ட் பண்ணினா தண்ணி சிலிண்டருக்குள்ள போய் கனெக்டிங் ராடு வளைஞ்சிரும். இன்ஜின் புரொடெக்ட் கவர் இல்லாத இன்சூரன்ஸ்ல அதுக்குக் காசு வாங்கறது பெரும்பாடு.

வண்டி பார்க்க ஜம்முனு இருந்தது. கருப்பு. பாலிஷ் போட்டு மின்னுது. "டாக்டர் வண்டி சார், சிங்கிள் ஓனர்"னு ஆரம்பிச்சார் விக்கறவர். தமிழ்நாட்டுல விக்கிற பழைய கார் எல்லாம் டாக்டர் ஓட்டினதுன்னா இங்க ஆஸ்பத்திரியில யாருதான் இருக்காங்கன்னு தெரியல. 62,000 கிலோமீட்டர். ஸ்டார்ட் பண்ணினா சத்தம் சுத்தம். நான் போனெட்டைத் திறந்து பார்த்துக்கிட்டு இருந்தேன். எனக்கு ஒன்னும் தப்பாத் தெரியல.

அண்ணே போனெட் பக்கமே வரல. பின் கதவைத் திறந்து கீழ உட்கார்ந்துட்டார். சில் மேல இருக்கிற பிளாஸ்டிக்கைக் கையால தடவினார். அப்புறம் சீட் பெல்ட்டை முழுசா, கடைசி வரைக்கும் இழுத்தார். வழக்கமா யாரும் அவ்வளவு இழுக்க மாட்டாங்க. உள்ள சுருண்டு கிடந்த கடைசி ஒரு முழத்துல பழுப்பா ஒரு கோடு. சேத்துத் தண்ணி நின்ன கோடு. சீட்டை முன்னாடி தள்ளி அடியில இருக்கிற ரெயிலைப் பார்த்தார், துரு. கார்ப்பெட்டோட ஓரத்தை லேசா தூக்கி, "தம்பி, இந்தக் கிளிப் எங்க லைன்ல போட்டது இல்ல. முழுசாக் கழட்டி மாட்டியிருக்காங்க"ன்னார். மெதுவாத்தான் சொன்னார். 12 வருஷம் அந்தக் கிளிப்பை மாட்டின கை அது.

விக்கறவருக்கே தெரியாம இருந்திருக்கலாம், அவரும் வாங்கி விக்கறவர்தான். சண்டை எல்லாம் போடல. வந்துட்டோம். திரும்பி வர்ற வழியில பெருங்களத்தூர் வரைக்கும் அண்ணே பேசவே இல்ல.

நமக்கு அந்தக் கை கிடையாது. ஆனா அவர் செஞ்சதை நாமளும் செய்யலாம். சீட் பெல்ட்டைக் கடைசி வரைக்கும் இழுங்க. ஸ்டெப்னியைத் தூக்கி அடியில பாருங்க. மூணு நாள் ஜன்னல் ஏத்தி நின்ன வண்டிக்குள்ள முதல்ல மூக்கை விடுங்க, பெர்ஃப்யூம் நெடி தூக்கலா இருந்தா ஏன்னு யோசிங்க. வண்டி நம்பரை வச்சு கம்பெனி சர்வீஸ் சென்டர்ல சர்வீஸ் விவரம் கேளுங்க. 2015, 2023 டிசம்பரை ஒட்டி பெரிய பில் இருக்கான்னு பாருங்க. பரிவாஹன்ல லோன் நிலுவை, சலான் ரெண்டும் தெரிஞ்சிரும். லோன் வண்டின்னா பேங்க் என்.ஓ.சி.யும் ஃபார்ம் 35ம் கைக்கு வராம முழுப் பணத்தையும் கொடுக்காதீங்க.

டெல்லி வண்டி பத்தியும் கேட்டிருந்தீங்க. அங்க பத்து வருஷம் தாண்டின டீசல் வண்டியை ஓட்டக்கூடாதுன்னு 2015ல பசுமைத் தீர்ப்பாயம் சொன்னது, 2018ல உச்ச நீதிமன்றமும் அதை ஏத்துக்கிச்சு. அதனால அங்க விலை சரிஞ்சு கிடந்தது. தமிழ்நாட்டுல அந்தத் தடை இல்ல. 15 வருஷத்துல எஃப்.சி. எடுத்து, பசுமை வரி கட்டி ஓட்டலாம். ஆனா அங்கிருந்து என்.ஓ.சி., இங்க மறுபதிவு, அதுக்கு மேல தமிழ்நாட்டு வரி. இதையெல்லாம் கூட்டிப் பார்த்துட்டு அப்புறம் ரயில் ஏறுங்க.

அண்ணே கதைக்கு வர்றேன். ரெண்டு வாரம் கழிச்சு அவரே போன் பண்ணினார். பழைய ஷிஃப்ட்ல கூட வேலை பார்த்தவர் ஒருத்தர் துபாய் போறாராம். 2019 ஈகோஸ்போர்ட் டீசல், பிஎஸ்4, 58,000 கிலோமீட்டர், ஆறரை லட்சம். மழைக்காலம் எல்லாம் ரெண்டாவது மாடி பார்க்கிங்ல நின்ன வண்டி. டைமிங் பெல்ட் மாத்தின பில் இருக்கு. 2034 வரைக்கும் எஃப்.சி. கவலை இல்ல. கார் தயாரிப்பை நிறுத்தினாலும் ஃபோர்டு சர்வீஸையும் ஸ்பேரையும் நிறுத்தல. சில பாகத்துக்குக் காத்திருக்கணும், அவ்வளவுதான். அவரோட 7,200 கிலோமீட்டருக்குச் சின்ன டீசல் கூட அவசியமான்னு நான் கேட்டேன். "புது விலை கொடுக்கலையே தம்பி"ன்னார். அதுவும் நியாயம்தான். டீசலுக்கான அந்த ஒன்னேகால் லட்சத்தை முதல் ஓனர் ஏற்கெனவே தின்னுட்டார்.

வண்டி வந்த அன்னைக்கு நான் போயிருந்தேன். அண்ணி எலுமிச்சம்பழம் எடுத்துட்டு வர்றதுக்குள்ள அண்ணே நாலு கதவையும் திறந்து வச்சு, ஒவ்வொரு சீட் பெல்ட்டையும் கடைசி வரைக்கும் இழுத்து இழுத்து விட்டுக்கிட்டு இருந்தார். மிச்ச எட்டரை லட்சம் பேங்க்ல, பொண்ணு பேர்ல.

அடுத்த எபிசோடுல ஆர்.சி. மாத்தறதைப் பத்திப் பேசறேன். ஃபார்ம் 29, ஃபார்ம் 30, இன்சூரன்ஸ் ஏன் 14 நாளுக்குள்ள மாத்தணும், பழைய ஓனரோட நோ க்ளெய்ம் போனஸ் ஏன் உங்களுக்கு வராது, இதெல்லாம். தாம்பரம், செங்கல்பட்டு ஆர்.டி.ஓ. பக்கம் சமீபத்துல போன அனுபவம் இருந்தா எழுதி அனுப்புங்க, சேர்த்துப் பேசலாம்.